குட்டி விமானத்தின் இன்டர்காமில் பாட்டு: போனை இணைக்க முழுமையான வழிகாட்டி

செஸ்னா 172 மாதிரி நாலு பேர் உட்காரும் விமானத்தில் மூன்று மணி நேரம் பறக்கும்போது பாட்டு கேட்க ஆசை வருவது இயல்பு. காக்பிட்டில் இன்ஜின் இரைச்சல் சுமார் 90 டெசிபெல் இருக்கும், அதனால் போன் ஸ்பீக்கரில் வைத்தால் ஒன்றும் கேட்காது. சிலர் இயர்போனைக் காதில் சொருகி அதற்கு மேல் ஹெட்செட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஹெட்செட்டின் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒயர் போனால் அந்த இடைவெளி வழியாக இரைச்சல் உள்ளே வரும். அதைவிடப் பெரிய பிரச்சினை, பாட்டும் ரேடியோவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகக் காதுக்கு வரும், கன்ட்ரோல் டவர் உங்கள் விமானத்தைக் கூப்பிடும் நேரத்தில் பாட்டைத் தணிக்க ஆளே இருக்காது.

ரேடியோ பேசினால் பாட்டு தானாக அடங்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா முடிவுகளையும் இதை வைத்துத்தான் எடுக்கிறேன். எந்த ஒயரை எங்கே மாட்டினாலும் இந்த ஒன்று நடக்கவில்லை என்றால் அந்த இணைப்பு விமானியின் காதுக்கு லாயக்கில்லை. அமெரிக்காவில் சொந்தமாகவோ வாடகைக்கோ சிறிய விமானம் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு நாட்டில் பறப்பவர்களுக்கும் மின்சார வேலை இதேதான், சட்டம் மட்டும் மாறும்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேபிள் வாங்க ஓடுவதற்கு முன்னால் இரண்டு பொருளைக் கவனியுங்கள்: ஹெட்செட், இன்டர்காம் (எல்லோருடைய ஹெட்செட்டையும் ரேடியோவையும் ஒன்றாக இணைக்கும் பெட்டி).

போஸ் ஏ20, லைட்ஸ்பீட் ஸூலு வகையறா ஹெட்செட்டுகளில் பலவற்றில் ப்ளூடூத் இருக்கும், அல்லது கேபிளின் நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 3.5 மி.மீ. துளை இருக்கும். அப்படி இருந்தால் இன்டர்காமைத் தொடவே வேண்டாம், போனை நேராக ஹெட்செட்டோடு இணைத்தால் போதும். ரேடியோ வரும்போது பாட்டைத் தணிக்கும் வசதியும் இவற்றில் பலவற்றில் உண்டு, ஆனால் அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே குறை, பாட்டு உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றால் இன்டர்காம்தான் வழி. பிஎஸ் இன்ஜினியரிங் நிறுவனத்தின் பிஎம்3000, கார்மினின் ஜிஎம்ஏ 340 போன்றவற்றில் இரண்டு இசை உள்ளீடுகள் உண்டு, கார்மின் ஜிஎம்ஏ 345-இல் ப்ளூடூத்தே உள்ளே இருக்கிறது. பெரும்பாலான நேரம் உள்ளீடு இருந்தும் விமானத்தின் உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கும், ஏனென்றால் இன்டர்காம் பெட்டியின் பின்பக்க கனெக்டரில் அதற்கான பின் காலியாகக் கிடக்கும், முன்பக்கப் பேனலில் யாரும் ஜாக் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் முன்னால் துளை இல்லையே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டர்காமின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு அதன் நிறுவல் கையேட்டைத் தேடுங்கள், ஒயரிங் படத்தில் இசை உள்ளீடு என்று இருக்கிறதா பாருங்கள். பின் எண்ணை ஞாபகத்திலிருந்தோ அடுத்தவர் சொன்னதை வைத்தோ எடுக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவே கூட எண்கள் மாறும்.

பிளக்குகளைப் பற்றிக் கொஞ்சம்

விமான ஹெட்செட்டில் இரண்டு பிளக் இருக்கும். பெரியது 6.35 மி.மீ., அது காதுக்கான ஒலி, பிஜே-055 என்று பெயர். சிறியது சுமார் 5.2 மி.மீ., அது மைக், பிஜே-068. பார்த்தால் இரண்டும் ஒரே அளவு மாதிரித்தான் தெரியும், கையில் பிடித்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். மைக் பிளக்கில் நுனி பேசும் பொத்தானுக்கு, நடு வளையம் மைக் ஒலிக்கு, அடிப்பகுதி கிரவுண்டு (மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி). ஹெலிகாப்டர் ஹெட்செட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிளக் இருக்கும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. மைக் வழியில் எக்காரணம் கொண்டும் போனை மாட்டாதீர்கள். விமான மைக்குக்கு வேலை செய்ய மின்சாரம் வேண்டும், அதற்காக அந்த ஒயரில் 8 முதல் 16 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் (டிசி) எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அது உங்கள் போனின் ஒலி வெளியீட்டுக்குள் போனால் அந்தப் பகுதி போய்விடும். போன் தப்பித்தாலும், பேசும் பொத்தானை அழுத்தியதும் உங்கள் பாட்டு அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை விமானங்களுக்கும் ஒலிபரப்பாகும்.

உள்ளீடு இருந்தால் வேலை சுலபம்

பேனலில் 3.5 மி.மீ. ஜாக் இருந்தால் இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக் உள்ள சாதாரண ஆக்ஸ் கேபிள் போதும். உங்கள் போனில் துளை இல்லை என்றால் (ஐபோன் 7 வந்த 2016-க்குப் பிறகு நிறைய போன்களில் இல்லை) டைப்-சி அல்லது லைட்னிங் அடாப்டர் ஒன்று வேண்டும். நீளமான கேபிளை வாங்காதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் போனால் மிச்சம் எங்கேயாவது சுருண்டு கிடக்கும், கன்ட்ரோல் யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) சிக்கும். மாட்டிய பிறகு யோக்கை முழுக்க முன்னும் பின்னும், இடம் வலம் திருப்பிப் பாருங்கள், த்ராட்டிலையும் (இன்ஜின் வேகக் கைப்பிடி) முழுக்க இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கேபிள் எங்கேயும் தொடவே கூடாது. இந்தச் சோதனையைத் தரையிலேயே செய்துவிடுங்கள்.

முதல் முறை மாட்டும்போது ஏவியானிக்ஸ் சுவிட்ச் (ரேடியோ போன்ற மின்னணுக் கருவிகளுக்கானது) அணைந்திருக்கட்டும், போனின் ஒலி பாதியில் இருக்கட்டும். பிறகு இயக்குங்கள்.

பாட்டு ஒரு காதில் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மோனோ, ஸ்டீரியோ குழப்பம்தான். ஸ்டீரியோ ஹெட்செட்டை மோனோ ஜாக்கில் மாட்டினால் ஒரு காது அமைதியாகிவிடும். ஹெட்செட்டில் அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மோனோவுக்குத் தள்ளுங்கள். இதன் தலைகீழ் கதைதான் தொந்தரவு: டேவிட் கிளார்க் ஹெச்10-13.4 மாதிரியான மோனோ ஹெட்செட்டை ஸ்டீரியோ ஜாக்கில் மாட்டும்போது பிளக்கின் நீண்ட அடிப்பகுதி வலது தடத்தைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும், இன்டர்காம் அதற்குத் தயாராக வடிவமைக்கப்படவில்லை என்றால் மற்ற பயணிகளுக்கும் வலது காது போய்விடும். பின்சீட்டில் யாரோ பழைய ஹெட்செட்டை மாட்டியதும் முன்சீட்டில் சத்தம் குறைந்தால் காரணம் அதுதான்.

மோனோ உள்ளீட்டுக்கு இரண்டு ரெசிஸ்டர்

பழைய இன்டர்காம்கள் பல மோனோ. போனிலிருந்து இடம், வலம் என்று இரண்டு தடம் வருகிறது, இன்டர்காமிலோ ஒரே ஒயர். இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அப்படிக் கட்டினால் போனின் உள்ளே இருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும், ஒலி சிதறும், சூடும் ஏறும். ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதும் சரியில்லை. 1960-களின் ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் பாடகர் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமுமாக இருக்கும், பாட்டில் பாதி காணாமல் போகும்.

சரியான வழி மிக எளிது. இடது தடத்தில் ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், வலது தடத்தில் இன்னொன்று, இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்து இன்டர்காமின் இசை உள்ளீட்டுக்கு. போனின் கிரவுண்டு இன்டர்காமின் ஒலி கிரவுண்டுக்கு. கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். இதை வைத்து ஒரு சின்ன கேபிளாகவே செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாயில் மூடிவிடலாம். சத்தம் கொஞ்சம் குறையும், போனில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேனலில் புதிதாக ஜாக் வைப்பது

பின்பக்கம் பின் இருக்கிறது, முன்னால் துளை இல்லை என்றால் இந்த வேலை. அதற்கு முன் சட்டம்: சான்றளிக்கப்பட்ட விமானத்தில் (செஸ்னா, பைப்பர் எல்லாம் இதில் சேரும்) பேனலில் நிரந்தரமாக ஒயர் இழுப்பது உரிமம் பெற்ற மெக்கானிக்கின் வேலை. அமெரிக்க விதி 43.3-இன்படி மெக்கானிக் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்த்தால் நீங்களே கையால் செய்யலாம், அவர் சரிபார்த்து லாக்புக்கில் கையெழுத்துப் போடுவார். நிறைய மெக்கானிக்குகள் இதற்குச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே போய்க் கேளுங்கள், வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்துக்குப் போய் நிற்காதீர்கள். நீங்களே கட்டிய வான்ஸ் ஆர்வி போன்ற எக்ஸ்பெரிமென்டல் விமானம் என்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தேவையானவை: பிளாஸ்டிக் உடல் கொண்ட 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக், உள்ளே இரண்டு ஒயரும் மேலே ஷீல்டும் உள்ள விமானத்தர டெஃப்செல் கேபிள் (22 கேஜ்), இன்டர்காம் கனெக்டருக்கு ஏற்ற கிரிம்ப் பின்கள், மல்டிமீட்டர். வீட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் மேலுறை தீப்பிடித்தால் விடும் புகை, மூடிய காக்பிட்டில் ஆளைக் கொல்லும்.

ஜாக் ஏன் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும்? உலோக ஜாக்கைப் பேனலில் திருகினால் அதன் உடல் வழியாகப் பாட்டின் கிரவுண்டு விமானத்தின் அலுமினிய உடலோடு அங்கேயே சேர்ந்துவிடும். இன்டர்காமின் கிரவுண்டு வேறொரு இடத்தில் சேர்ந்திருக்கும். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஆல்டர்னேட்டர், ஸ்ட்ரோப் விளக்கு எல்லாவற்றின் மின்னோட்டமும் திரும்பிப் போகிறது, அதனால் சின்னதாக ஒரு மின்னழுத்த வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும், அது அப்படியே உங்கள் காதில் கீச்சென்று கேட்கும். உலோக ஜாக்தான் கையில் இருக்கிறது என்றால் ஃபைபர் வாஷர் போட்டுப் பேனலிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஜாக்கின் கிரவுண்டை இன்டர்காமின் ஒலி கிரவுண்டு பின்னுக்குத் தனி ஒயராகக் கொண்டுபோங்கள். மூன்று ஒயர் உள்ள ஷீல்டு கேபிள் கிடைத்தால் மூன்றாவது ஒயரை அதற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஒயர் கேபிள்தான் என்றால் ஷீல்டே கிரவுண்டாக வேலை செய்யும். எப்படியானாலும் ஷீல்டு இன்டர்காம் பக்கம் மட்டும்தான் கிரவுண்டில் சேர வேண்டும், ஜாக் பக்கத்தில் விமான உடலைத் தொடக் கூடாது. கேபிளை ஸ்ட்ரோப் விளக்கின் பவர் சப்ளை, டிரான்ஸ்பாண்டரின் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) ஆன்டெனா கேபிள் இவற்றோடு ஒரே கட்டில் கட்டாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், கனெக்டரை இன்டர்காமில் சொருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனையை ஜாக்கின் கிரவுண்டு தகட்டிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத ஒரு திருகிலும் வையுங்கள். மின்தடை முடிவிலி காட்ட வேண்டும். சைபரை ஒட்டி ஏதாவது காட்டினால் எங்கேயோ ஷீல்டின் நூல் ஒன்று பேனலைத் தொடுகிறது, தேடி எடுங்கள். அடுத்து இடது, வலது, கிரவுண்டு மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையா என்று பாருங்கள். கடைசியாகக் கனெக்டரைச் சொருகி, ஏவியானிக்ஸை இயக்கி, ஜாக்கில் நேர்மின்னழுத்தம் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் போனை மாட்டுங்கள். இந்தக் கடைசி அளவீடு தவறான பின்னில் ஒயர் போயிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளீடே இல்லாத இன்டர்காம்

ஹெட்செட் பிளக்குக்கும் ஜாக்குக்கும் நடுவில் சொருகும் அடாப்டர்கள் சந்தையில் உண்டு, பாட்டைக் காதுக்குப் போகும் வழியிலேயே கலந்துவிடும். வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ரேடியோ வந்தால் பாட்டைத் தணிக்குமா? தணிக்காது என்றால் பின்சீட்டுப் பயணிக்கு மட்டும் கொடுங்கள். தணிக்கும் வசதி இன்டர்காமின் உள்ளே இருக்கிறது, அதைத் தாண்டிய பிறகு பாட்டைச் சேர்த்தால் அதற்குப் பாட்டு இருப்பதே தெரியாது.

இன்னொரு வழி, ஆடியோ பேனலில் (எந்தக் கருவியின் ஒலி காதுக்கு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி) இப்போது பயன்படாமல் கிடக்கும் ஏடிஎஃப் (பழைய ரேடியோ திசைகாட்டி) உள்ளீடு. நிறைய விமானங்களில் ஏடிஎஃப் கருவியைக் கழற்றிவிட்டார்கள், அதன் ஒலி உள்ளீடு காலியாக இருக்கிறது, அதற்கென்று முன்னால் ஒரு பொத்தானும் இருக்கிறது. பாட்டை அங்கே கொடுத்தால் பொத்தானை அழுத்தி இயக்கலாம், அணைக்கலாம். ஆனால் இங்கேயும் தானாகத் தணியாது, ஆடியோ பேனலைப் பொறுத்தவரை ஏடிஎஃப் ஒலி என்பது கேட்டே ஆக வேண்டிய வழிகாட்டல் ஒலி. அதனால் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை கிடையாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, அந்தப் பணத்தை ப்ளூடூத் உள்ள ஹெட்செட்டிலோ இசை உள்ளீடு உள்ள நல்ல இன்டர்காமிலோ போடுங்கள்.

கீச்சொலி வந்தால்

பாட்டோடு சேர்ந்து ஒரு மெல்லிய விசில் சத்தம், இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது என்றால் அது ஆல்டர்னேட்டர். போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கிரவுண்டு வளையம்தான் காரணம், அதாவது சார்ஜர் வழியாக ஒரு கிரவுண்டு, ஆடியோ கேபிள் வழியாக இன்னொரு கிரவுண்டு. மலிவான தீர்வு, போனை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு வந்து பேட்டரியில் ஓட்டுவது. பவர் பேங்க் வைத்துக்கொள்வதும் அதே பலன் தரும், விமானத்தின் கிரவுண்டோடு அதற்கு உறவில்லை. சார்ஜர் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆடியோ கேபிளின் நடுவில் 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று விகித ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், தடத்துக்கு ஒன்று வீதம். கார் ஸ்டீரியோ கடைகளில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று முழுதாகவே கிடைக்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: பேட்டரியில் ஓடும் சின்ன ப்ளூடூத் ரிசீவரை இன்டர்காமின் இசை ஜாக்கில் மாட்டிவிடுவது. போனுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒயரே இல்லை, வளையமும் இல்லை.

சார்ஜர் விஷயத்தில் இன்னும் இரண்டு. புதிய 172-கள் 28 வோல்ட் விமானங்கள். 12 வோல்ட் காருக்கு மட்டும் செய்த சார்ஜரை அதில் சொருகினால் சார்ஜரோ போனோ போகும், 24 வோல்ட் என்று எழுதியிருந்தால் கூட 28-ஐத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான சார்ஜர்கள் ரேடியோ அலையிலும் குப்பையைக் கொட்டும். சோதிப்பது சுலபம்: தூரத்து விமான நிலையத்தின் ஏடிஐஎஸ் (வானிலை, ஓடுபாதை விவரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதிவு) மெலிதாகக் கேட்கும் அலைவரிசையை வைத்து, ரேடியோவின் ஸ்க்வெல்ச்சைத் (மெலிந்த ஒலியை வெட்டும் அமைப்பு) திறந்துவிட்டு, சார்ஜரைச் சொருகுங்கள், எடுங்கள். சொருகும்போது குரல் இரைச்சலில் மூழ்கினால் அந்தச் சார்ஜரை விமானத்தில் வைக்கவே வேண்டாம்.

சத்த அளவுகளைச் சரிசெய்தல்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்செட் போட்டிருக்க வேண்டும், பாட்டு அணைந்திருக்க வேண்டும். முதலில் இன்டர்காமின் ஸ்க்வெல்ச், அதாவது எவ்வளவு சத்தத்துக்கு மைக் திறக்க வேண்டும் என்ற அளவு. யாரும் பேசாதபோது மைக்குகள் மூடியிருக்கும் அளவுக்கு, பேசத் தொடங்கியதும் முதல் எழுத்தே கேட்கும் அளவுக்குத் திருகுங்கள். பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கோளாறு இங்கேதான். ஸ்க்வெல்ச் தளர்வாக இருப்பதால் இன்ஜின் சத்தமே மைக்கைத் திறக்கிறது, யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து இன்டர்காம் பாட்டை வெட்டுகிறது. ஓடுபாதை அருகே பவர் கூட்டிப் பார்க்கும்போது இதை மறுபடி சரிபாருங்கள். மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

இரண்டாவது ரேடியோ. ஏடிஐஎஸ் கேட்டு வசதியான அளவுக்கு வையுங்கள். மூன்றாவதாகத்தான் பாட்டு: போனில் முக்கால் அளவு, அதற்கு மேல் போனால் ஒலி கரகரக்கும். மீதியை இன்டர்காமின் இசைக் குமிழில் கூட்டுங்கள், ரேடியோவைவிடக் கீழேயே நிறுத்துங்கள். பாட்டு ஓடும்போது ரேடியோ வந்து, பாட்டு உடனே அடங்கி, பேச்சு முடிந்த சில நொடியில் மெல்ல மேலே வந்தால் எல்லாம் சரி. பிஎஸ் இன்ஜினியரிங் கருவிகளில் கரோக்கி என்று ஒரு முறை உண்டு, அதைப் போட்டால் பேசினாலும் பாட்டு தணியாது. தெரியாமல் அதில் கிடக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

பறக்கும்போது

போன் என்றால் ஏரோபிளேன் மோடு. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் 22.925 விதி, விமானம் தரையை விட்டதும் செல்லுலார் தொடர்பை அணைக்கச் சொல்கிறது. பாட்டுகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான விதி 91.21, ஐஎஃப்ஆர் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துப் பறப்பதற்கான விதிகள்) பயணத்தில் எந்த மின்னணுக் கருவி இடையூறு செய்யாது என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் தனியார் விமானத்தில் விமானியிடம் கொடுக்கிறது. எனவே தெளிவான வானில் ஒரு முறை, பாட்டை இயக்கியும் அணைத்தும் ஜிபிஎஸ், விஓஆர் (ரேடியோ வழிகாட்டிக் கருவி) முள், காம்பஸ் மூன்றையும் பாருங்கள். பின்னால் காந்தம் உள்ள போனையோ போன் தாங்கியையோ டேஷ்போர்டில் வைத்தால் காம்பஸ் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பும், அதற்கு இடம் கீழே.

பழைய ஐபாட் கிளாசிக் இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஆப்பிள் அதற்குக் கொடுத்த உச்ச வரம்பு 10,000 அடி. டிஸ்க்கைப் படிக்கும் தலை காற்றின் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது, உயரே காற்று மெலிந்தால் தலை டிஸ்க்கில் இடித்துவிடும். ராக்கி மலைகளைத் தாண்டுகிறீர்கள் என்றால் ஃபிளாஷ் மெமரி உள்ள கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸி, டேக் ஆஃப், ஏறுதல், விமான நிலையத்தை நெருங்குதல், தரையிறங்குதல் இவற்றில் விமானிக்குப் பாட்டு வேண்டாம். 172-இன் ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கை ஹெட்செட்டுக்குள் வராது, இடது இறக்கையில் ஊதல் மாதிரி ஊதும், அது கேட்டாக வேண்டும். இன்ஜின் சத்தத்தில் வரும் மாற்றமும் அப்படித்தான். பயணிகள் பாட்டு கேட்டே தீருவோம் என்றால் இன்டர்காமை ஐசோ முறைக்கு மாற்றுங்கள், அவர்கள் பாட்டோடு பேசிக்கொண்டே வரலாம், உங்கள் காதில் ரேடியோ மட்டும் இருக்கும். ஆனால் அந்த முறையில் அவர்கள் உங்களைக் கூப்பிட்டாலும் கேட்காது. அவசரம் என்றால் தோளைத் தட்டுங்கள் என்று இன்ஜினை இயக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.